பச்சை மையில் இரண்டெழுத்து

தென்காசியில் அந்தக் காலத்தில் அருவி நிலைக் கண்காணிப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா இல்லையா என்பதைத் தினமும் காலை பத்தரை மணிக்குள் எழுத்து மூலம் மேலிடத்துக்குத் தெரிவிப்பது அதன் வேலை. அருவி மூன்றரை மைல் தள்ளி இருந்தது. அலுவலகத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். அந்தப் பதினொரு பேரில் ஒருவரும் வேலை விஷயமாக அருவியைப் போய்ப் பார்த்ததில்லை. பார்ப்பதற்கென்று பதவி எதுவும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு முறை இருந்தது. பியூன் சுடலையாண்டி காலை ஒன்பதரைக்கு பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பார். குற்றாலத்துப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் தலையைப் பார்ப்பார். ஈரத்தலை என்றால் வந்து ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார். காய்ந்த தலை என்றால் கையை விரிப்பார். அதை வைத்து ‘நீர் விழுகிறது’ என்றோ ‘நீர் விழவில்லை’ என்றோ எழுதப்படும். ஒரு வருஷம் நல்ல பங்குனி வெயிலில், இலஞ்சியில் ஒரு துஷ்டிக்கு, சாவு வீட்டுக்குப் போய்த் தலைமுழுகி வந்த குடும்பம் அந்தப் பஸ்ஸிலிருந்து மொத்தமாக இறங்கிவிட்டது. அன்றைக்கு நீர் விழுகிறது என்று போய்விட்டது. போனதைத் திருத்த வழி இல்லாததால், அந்த வருஷம் பங்குனி பதினேழாம் தேதி குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தது.

அந்த அலுவலகத்தில் நகல் எழுத்தராக இருந்தவர் நாறும்பூநாதன். பதினான்கு வருஷ சர்வீஸ். பதினான்கு வருஷமும் தற்காலிகம். அச்சடித்த மாதிரி கையெழுத்து. மற்றவர்கள் கிறுக்கித் தருவதை ஐந்து பிரதி அழகாக எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை. எதை எழுதுகிறோம் என்று கவனிக்காமல் எழுதினால்தான் பிழை வராது என்பது அவர் கண்ட அனுபவம்.

அவருக்கு ஒரே மகள், செண்பகவல்லி. ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதத்தில் பாவூர்சத்திரத்தில் இடம் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா சுந்தரபாண்டியன் சந்தையில் காய்கறி மண்டி வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று, நகை நட்டைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. “எங்க குடும்பத்துல எல்லாம் வெங்காயத்தோட புரண்டவங்க. பொண்ணுக்கு அப்பா சர்க்கார் உத்தியோகம்னு நாலு பேர்ட்ட சொல்லணும், அது ஒண்ணு போதும் எங்களுக்கு” என்றார். ஆவணி பதினெட்டு, புதன்கிழமை, பண்பொழி திருமலை அடிவாரத்து மண்டபத்தில் பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் முகூர்த்தம் என்று குறித்தார்கள்.

நாறும்பூநாதன் ஜூன் முப்பதாம் தேதியே லீவுக்கு எழுதிவிட்டார். மகள் திருமணத்தை முன்னிட்டு செப்டம்பர் ஒன்று முதல் பத்து வரை பத்து நாள். அலுவலகத்துக்குத் தலைவராக இருந்த அருமைநாயகம் அன்று சாயங்காலம் ஓய்வு பெறுகிறவர். யுத்த காலத்தில் அஸ்ஸாம் பக்கம் ராணுவக் கணக்கில் வேலை பார்த்தவர். அமெரிக்கப் பட்டாளத்தோடு பழகியவர். கழுத்தில் மாலையோடு உட்கார்ந்து கடைசிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாறும்பூநாதனின் மனுவை வாசித்தார், சிரித்தார், பச்சை மைப் பேனாவால் மூலையில் ஓ.கே. என்று இங்கிலீஷில் இரண்டெழுத்து எழுதிச் சுருக்கக் கையொப்பம் வைத்தார். மறுநாள் ராத்திரி வண்டிக்குப் பாளையங்கோட்டையில் இருந்த மகன் வீட்டோடு போய்விட்டார்.

புதிய தலைவராக வந்தவர் பெயர் ஆதித்தன். தமிழ் ஆட்சிமொழியாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அது தம் கையில் நேரடியாகக் கொடுத்து அனுப்பப்பட்டதாக அவர் நினைத்தார். வந்த முதல் நாள், மேசை நாற்காலிகளுக்குத் தமிழ்ப் பெயர் எழுதி ஒட்டச் சொன்னார். நாற்காலியின் மேல் ‘நாற்காலி’ என்று ஒட்டப்பட்டது. இரண்டாம் நாள் பழைய காகிதங்களைப் புரட்டினார். மூன்றாம் நாள் நாறும்பூநாதனுக்கு ஆள் வந்தது.

“இது என்ன வேய்?” என்று கேட்டார் ஆதித்தன்.

லீவு சாங்ஷன் ஆன காகிதம் என்று சொன்னார் நாறும்பூநாதன்.

“விடுப்பு என்று சொல்லும். சாங்ஷன் என்று இதில் எங்கன இருக்கு? இரண்டு எழுத்து இருக்கு. இது தமிழ் இல்லை. இங்கிலீஷும் இல்லை, அகராதியில் பார்த்தாச்சு.”

அகராதி அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பதிப்பு. அதில் அந்தச் சொல் இல்லாதது வாஸ்தவம்தான். ஆகாய விமானமும் அதில் இல்லை.

அப்படியானால் புதிதாக ஒரு மனு தமிழில் எழுதித் தருகிறேன் என்றார் நாறும்பூநாதன். அங்கேதான் சிக்கல் இருந்தது. ஆதித்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். இந்த விஷயத்தில் ஏற்கனவே ஓர் உத்தரவு இருக்கிறது. அது ‘தருகிறேன்’ என்று இருந்தால், கொடுத்ததையே மறுபடி கொடுத்துப் பத்து நாள் இருபது நாளாகிவிடும். ‘தரமாட்டேன்’ என்று இருந்தால், முன்பிருந்த அதிகாரி மறுத்ததைத் தாம் தூக்கிக் கொடுத்ததாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் அந்த இரண்டெழுத்துக்கு அர்த்தம் தெரியாமல் அடுத்த எழுத்தை எழுத முடியாது.

“நான் உமக்கு எதிரி இல்லை. உம்ம மகள் கல்யாணம் நல்லா நடக்கணும். ஆனால் உத்தரவுக்கு அர்த்தம் இருக்கணும்லா?”

நாறும்பூநாதன் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு முழுசாக இரண்டு மாதம் இருந்தது.

முதலில் அவரிடமே விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு வந்தது: மேற்படி எழுத்துகளை நீர் என்னவாகப் புரிந்துகொண்டீர்? லீவு தந்தார் என்று புரிந்துகொண்டேன் என்று அவர் எழுதினார். உத்தரவால் பலன் பெறுகிறவரே உத்தரவுக்கு அர்த்தம் சொன்னது முறையாகுமா என்று இரண்டாவது குறிப்பு வந்தது. இரண்டு குறிப்புக்கும் ஐந்து பிரதி எடுக்க வேண்டியிருந்தது. அவரே எடுத்தார்.

பிறகு அருமைநாயகத்துக்கே எழுதினார்கள். நாலாம் நாள் கார்டு வந்துவிட்டது. ‘சரி என்று அர்த்தம். நாறும்பூநாதன் கல்யாணத்தை நல்லபடியாக நடத்தட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்’ என்று எழுதியிருந்தார். சுடலையாண்டி அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, தீர்ந்தது சனியன் என்று சொல்லிக்கொண்டு டீ வாங்கப் போனார். டீ வருவதற்குள் ஆதித்தன் அந்தக் கார்டின் மேல் எழுதிவிட்டார்: ஓய்வு பெற்றவர் தனி மனிதர், தனி மனிதர் ஒருவர் அலுவலக உத்தரவுக்கு அர்த்தம் சொல்ல அதிகாரம் இல்லை. பதவியில் இருந்தபோது எழுதியதற்கு, பதவியில் இருந்தபோதே அர்த்தம் சொல்லியிருக்க வேண்டும்.

ஆடி பிறந்தது. சாரல் நன்றாக விழுந்தது. சுடலையாண்டி தினமும் ஒரு விரலைக் காட்டினார். மேலிடத்துக்கு எழுதிப் போட்டதில், இரண்டெழுத்துப் பொருளாய்வுக் குழு என்று ஒன்றை அமைத்துக்கொள்ள அனுமதி வந்தது. ஆதித்தன் தலைவர். சொல் ஆராய்ச்சி என்பதால் புலவர் குற்றாலிங்கம் ஓர் உறுப்பினர்; பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்துச் சொல்லாக இருக்கலாம் என்பதால் பர்மா யுத்தத்துக்குப் போய்வந்த ஹவில்தார் சங்கிலிப்பாண்டி இன்னோர் உறுப்பினர். தென்காசி அலுவலகத்தில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. குழு உட்கார மூன்று வேண்டும். ஆகவே குற்றாலத்தில் ஒரு பங்களாவில் உட்காருவதென்று தீர்மானமாயிற்று. சீஸன் சமயம்.

அருமைநாயகம் எழுதியதை நேரில் பார்த்தவர் நாறும்பூநாதன் ஒருவர்தான். அதனால் அவர் சாட்சி. நகல் எடுப்பவரும் அவரே. இரண்டு காரணத்துக்காகவும் ஒவ்வோர் அமர்விலும் அவர் இருந்தாக வேண்டும் என்று எழுத்தில் வந்தது. வராவிட்டால் சர்வீஸ் அறுந்து போகும் என்பதும் அதிலேயே கடைசி வரியில் இருந்தது. அந்தக் கடைசி வரியையும் அவர் ஐந்து பிரதி எடுத்தார்.

முதல் அமர்வு பதினொரு மணிக்கு என்று இருந்தது. பத்து மணிக்கே குளிக்கப் போன குழு முடித்து வர பன்னிரண்டேகால் ஆயிற்று. ஆதித்தன் அன்றைக்குத்தான் அருவியைப் பக்கத்தில் பார்த்தார் போலிருக்கிறது. தலையைத் துவட்டிக்கொண்டே, தண்ணி விழத்தான் செய்யுது என்று இரண்டு தடவை சொன்னார். அன்று குற்றாலத்துப் பஸ் மேலகரத்தில் டயர் வெடித்து நின்றுவிட்டதால் யாரும் பஸ் ஸ்டாண்டில் இறங்கவில்லை. குழு அருவிக்கு அடியில் நின்றுகொண்டிருந்த அதே நேரத்தில் தென்காசியிலிருந்து ‘நீர் விழவில்லை’ என்று மேலிடத்துக்குப் போயிற்று.

புலவர் எழுந்து பேசினார். ஒன்றேகால் மணி நேரம். உவகை என்றொரு சொல் தமிழில் உண்டு. அதுவே ஓகை என்று வழங்கும். மகிழ்ச்சி என்று பொருள். நம்முடைய கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகவில்லை? போன இடத்திலெல்லாம் நம் மாலுமி சரக்கை இறக்கியதும் ஓகை, ஓகை என்றான். கேட்ட வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டான். ஆகவே அந்த அதிகாரி தம்மை அறியாமல் நல்ல தமிழில்தான் உத்தரவு எழுதியிருக்கிறார் என்று முடித்தார்.

நாறும்பூநாதனுக்கு உடம்பில் கொஞ்சம் சூடு வந்தது. அப்படியானால் லீவு உண்டா ஐயா என்று கேட்டார்.

“அவருக்கு மகிழ்ச்சி என்றுதான் எழுதியிருக்கார். உமக்கு விடுப்பு என்று எழுதலையே” என்றார் புலவர்.

சங்கிலிப்பாண்டியின் முறை வந்தது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அரக்கான் காட்டில் தங்கள் கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்த பட்டாளத்தில், சாயங்காலம் பலகையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எழுதிப் போடுவார்களாம். ஒருவரும் சாகாத நாளில் ஒரு பூஜ்யமும், பக்கத்தில் சாவைக் குறிக்கிற ஓர் இங்கிலீஷ் எழுத்தும் போடுவார்களாம். அதுதான் இது என்றார். “இன்னைக்கு எவனும் சாகலைன்னு அர்த்தம். அவ்வளவுதான். அதைப் பாத்துட்டுத்தான் கஞ்சி குடிப்போம்.” சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனுவின் தேதியான ஜூன் முப்பதன்று அலுவலகத்தில் யாரும் சாகவில்லை என்பதை ஆதித்தன் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது அமர்வுக்கு மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஜெபமலரை நிபுணர் என்று வரவழைத்தார்கள். அந்த அம்மாள் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். நூறு நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பத்திரிகைக்காரர்கள் விளையாட்டுக்கு இப்படிக் கொச்சையாகச் சொற்களைச் சிதைத்துச் சுருக்கி எழுதுவது வழக்கமாம். ‘எல்லாம் சரி’ என்பதைத் தப்புத் தப்பாக எழுதி, அதன் முதலெழுத்துகளை எடுத்தார்களாம். பிறகு அங்கே ஒரு தேர்தலில், நின்றவருடைய ஊர்ப் பெயரைச் சுருக்கினாலும் அதே எழுத்து வந்ததால் ஆட்கள் அதைக் கோஷமாகப் போட்டு ஊரெல்லாம் பரவிவிட்டதாம். செவ்விந்தியர் சொல் என்றும் கிரேக்கச் சொல் என்றும் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் எங்கிருந்து வந்தாலும் இன்றைக்கு அதற்குச் சரி என்றுதான் அர்த்தம், சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும் என்றாள்.

ஆதித்தன் முகம் மலர்ந்தது. “ஆக, தப்பில் பிறந்த சொல். தப்பில் பிறந்த ஒரு சொல்லால் சரி என்று ஒருத்தர் உத்தரவு போட்டால் அந்த உத்தரவு சரியா, தப்பா? அம்மா தயவுசெய்து அதை மட்டும் சொல்லணும்.”

ஜெபமலர் நாறும்பூநாதன் பக்கம் திரும்பினாள். அவர் எழுதிக்கொண்டிருந்தார். கல்யாணம் என்றைக்கு என்று அவரிடம் கேட்டாள். ஆவணி பதினெட்டு என்றார். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் புறப்பட்டாள். ‘நிபுணர் விடையளிக்க மறுத்தார்’ என்று பதிவாயிற்று.

அடுத்ததாகப் பொதுமக்கள் கருத்து. சுடலையாண்டியை அருவிக்கரையில் நிறுத்தி, ஈரத்தலையோடு வருகிறவர்களிடம் அந்தச் சொல்லைக் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று விசாரித்து வரச் சொன்னார்கள். பஸ் கண்டக்டர், வண்டி போகலாம்னு அர்த்தம் என்றான். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், முடிஞ்சுது எந்திரிங்கன்னு அர்த்தம் என்றார். ஓட்டல்காரர், பில் எழுதலாம் என்று அர்த்தம் என்றார். மதுரையிலிருந்து வந்த ஒரு பெரிய மனுஷி, அவர் அப்படிச் சொன்னால் இனிமேல் பேசாதே என்று அர்த்தம் என்று புருஷனைக் காட்டினாள். மொத்தம் நாற்பத்தொரு அர்த்தம் வந்தது. போகலாம் என்பதும் எந்திரி என்பதும் ஒன்றா வேறா என்று பார்ப்பதிலேயே இரண்டு அமர்வு போய்விட்டது.

ஆவணி பிறந்தது. வீட்டில் பத்திரிகை அச்சடித்து வந்துவிட்டது. நாறும்பூநாதன் என்ற பேர் அதில் பெரிய எழுத்தில் இருந்தது. அவர் மனைவி வடிவம்மாள் முதலில் சிரித்தாள், பிறகு திட்டினாள், பிறகு அலுவலகத்துக்கே வந்து ஆதித்தனைப் பார்க்கிறேன் என்று கிளம்பினாள். கடைசியில் ஒரு சாயங்காலம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒரு நாள்தானே, சொல்லாம வந்துட்டா என்ன செய்வாங்க என்று கேட்டாள். வேலை போகும் என்றார் அவர். அவள் மோர்ச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்க வராட்டாலும் கல்யாணம் நடந்துரும். வேலை போச்சுன்னா நடக்காது” என்றாள்.

அவர் மோரை ஊற்றிக்கொண்டார். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கணக்காசிரியர் போட்டுக் காட்டிய கணக்கு மாதிரி இருந்தது. தாரை வார்க்கத் தம்பியை வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார்.

முந்தின நாள் செவ்வாய்க்கிழமை, ஒருதரம் கேட்டுப் பார்க்கலாம் என்று ஆதித்தன் முன்னால் போய் நின்றார். ஒரே ஒரு நாள் போதும் ஐயா, மற்ற ஒன்பது நாளும் வேண்டாம் என்றார். பண்பொழி பக்கம்தான், முகூர்த்தம் முடிந்த பஸ்ஸுக்கே திரும்பிவிடுகிறேன் என்றார்.

ஆதித்தன் பேனாவை மூடி வைத்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“யோசிச்சுப் பாரும் வேய். மகள் கல்யாணத்துக்குப் போக உமக்கு விடுப்பு உண்டா இல்லையா, அதைத்தானே இத்தனை நாளா மூணு பேர் உக்காந்து விசாரிக்கோம். முடிவு வருமுன்னே நான் உம்மை அனுப்பினா, முடிவை நானே முன்கூட்டிச் சொன்ன மாதிரி ஆயிடாதா? நாளைக்கு ஒருத்தன் கேட்பான், பிறகு இந்தக் குழு எதுக்குன்னு. நான் என்ன பதில் சொல்லுவேன்?”

நாறும்பூநாதன் போய் மறுநாள் அமர்வுக்குக் காகிதம் எடுத்து வைத்தார்.

புதன்கிழமை பத்து மணிக்குக் குழு உட்கார்ந்தது. மத்தியானம் ஐந்தருவிக்குப் போவதாக இருந்ததால் அன்று சீக்கிரம். சாட்சி விசாரணை. சொல்லின் அர்த்தத்தை அதை எழுதிய கையின் வேகத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று புலவருக்கு யோசனை தோன்றியிருந்தது. அதனால் ஜூன் முப்பதாம் தேதி நடந்ததை அப்படியே நடத்திக் காட்ட வேண்டும். அருமைநாயகத்தின் இடத்தில் சுடலையாண்டியை உட்காரச் சொன்னார்கள். பியூன் அதிகாரி நாற்காலியில் உட்காருவது நடிப்புக்கென்றாலும் முன்மாதிரி ஆகிவிடும் என்று ஆதித்தன் தடுத்தார். காலி நாற்காலி போதும் என்று முடிவாயிற்று. சுடலையாண்டி அதற்கு ஒரு மாலை வாங்கி வந்து போட்டார்.

“காகிதத்தை எப்படிக் கொடுத்தீர்?”

இரண்டு கையாலும் என்றார் நாறும்பூநாதன். கொடுத்துக் காட்டச் சொன்னார்கள். அவர் குனிந்து இரண்டு கையையும் நாற்காலிக்கு நேரே நீட்டினார்.

“அவர் உடனே வாங்கினாரா?”

“வாங்கினாரு.”

“இப்போ வாங்கலையே.”

“நாக்காலிதானே ஐயா.”

அப்படியே நிற்கச் சொன்னார்கள். மேசைக்கும் கைக்கும் எத்தனை அங்குலம் என்று புலவர் அளந்தார். முதலில் அளந்தது நீட்டின கையா மடக்கின கையா என்று சந்தேகம் வந்து மறுபடி அளந்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று அடித்தது. சங்கிலிப்பாண்டி மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மனுசனை விட்டுருங்கய்யா, முகூர்த்த நேரம்” என்றார். உறுப்பினர் தம் கருத்தைக் கடைசியில் எழுத்தில் தரலாம் என்றார் ஆதித்தன்.

பதினொன்றே கால் வரை நாறும்பூநாதன் கையை நீட்டியபடி நின்றார். பண்பொழியில் அந்த நேரத்துக்கு அவருடைய தம்பி கையை நீட்டி நின்றார். அங்கே கைமேல் தண்ணீர் விழுந்தது. இங்கே காகிதம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, அதுகூடக் காற்றினால்தான். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோள்பட்டை மரத்திருந்தது, பிறகு மரத்தது தோள்பட்டை மட்டும்தானா என்று சொல்ல முடியாமல் இருந்தது. அன்றைய நடவடிக்கையைச் சாயங்காலம் உட்கார்ந்து ஐந்து பிரதி எழுதினார். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெண்ணுக்கு அப்பா எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், சர்க்கார் வேலை, விட மாட்டேங்கான், பெரிய விசாரணை ஒன்று நடக்கிறது என்று சுந்தரபாண்டியன் தாமே முன்வந்து சொன்னாராம். பெருமையாகத்தான் சொன்னாராம்.

தீபாவளிக்குச் செண்பகவல்லி வந்திருந்தாள். இரண்டு நாளும் அப்பாவிடம் அவள் கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. புறப்படுகிற அன்று பஸ் ஸ்டாண்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அது என்னப்பா முடிவாச்சு?”

“எது?”

“அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.”

“இன்னும் ஆகலைம்மா.”

“ஆகட்டும்” என்றாள். அவள் புருஷன் பக்கத்தில் நின்று கடலை தின்றுகொண்டிருந்தான். பஸ் வந்தது.

குழுவின் அறிக்கை கார்த்திகையில் மேலிடத்துக்குப் போயிற்று. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அந்தச் சொல்லுக்குப் பிறப்பிடம் ஐந்து என்றும், அர்த்தம் நாற்பத்தொன்று என்றும், அவற்றில் எது என்பது தவிர மற்ற எல்லாம் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுவிட்டதாகவும் அதில் கண்டிருந்தது. மார்கழி கடைசியில் மேலிடத்திலிருந்து ஏழு வரியில் பதில் வந்தது. குழுவின் உழைப்பைப் பாராட்டியிருந்தார்கள். மேற்படி எழுத்தர் கேட்ட பத்து நாள் விடுப்பு வழங்கப்படுகிறது. கேட்ட தேதி கடந்துவிட்டபடியால் தை இருபது முதல் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் காரணத்துக்காகக் கேட்கப்பட்டதோ அந்தக் காரணத்துக்கே பயன்படுத்தப்பட வேண்டும். திருமணத்தில் கலந்துகொண்டதற்கு நடந்த இடத்தாரிடம் முத்திரையோடு சான்று வாங்கி இணைக்க வேண்டும்.

ஆதித்தன் அவரை உட்காரச் சொல்லி வாசித்துக் காட்டினார். கல்யாணம் முடிஞ்சுபோச்சே ஐயா என்றார் நாறும்பூநாதன்.

“அது உம்ம குடும்ப விஷயம். அலுவலகத்தைப் பொறுத்தவரை விடுப்பு இனிமேத்தான். வேண்டாம்னு மட்டும் சொல்லிராதேயும். இத்தனை பேர் பாடுபட்டு வாங்கினது.”

தை இருபது திங்கட்கிழமை. வீட்டில் இருந்தார். செவ்வாயும் இருந்தார். காலை ஒன்பதரை மணிக்கு, அலுவலகம் புறப்படுகிற நேரத்துக்கு, எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். முகூர்த்த நாள் ஒன்று வந்ததும் வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, அலுவலகக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பண்பொழிக்குப் பஸ் ஏறினார்.

அடிவாரத்து மண்டபத்தில் யாரோ வீட்டுக் கல்யாணம். தாலி கட்டி முடிந்திருந்தது. முத்திரை வைத்திருந்த மண்டபத்துக்காரர் மலைக்கு மேலே போயிருக்கிறார், பந்தி முடிகிற நேரத்துக்கு வருவார் என்றார்கள். ஒரு தூணோரமாக நின்றார். நிற்கிறவர்களை உட்கார வைப்பதே வேலையாகத் திரிந்த ஒருவர் வந்து தோளைப் பிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்தார். இலை விழுந்தது. தண்ணீர் தெளித்தார். பரிமாறுகிற பையன்களை விரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், தங்கத்தாய் அக்கா என்று எல்லாரும் கூப்பிட்ட அம்மாள், வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவள் அவரிடம் நின்றாள்.

“நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா அண்ணாச்சி?”

நாறும்பூநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“பொண்ணு வீடு” என்றார்.

“நல்லா இருக்கு போங்க. மாப்பிள்ளை வீட்டு ஆளுக நிக்காங்க, நீங்க முத பந்தியில இலையப் போட்டு உக்காந்திருக்கீங்க. எந்திரிங்க, நமக்குக் கடைசிலதான். இந்தாங்க, இதைப் பிடிங்க.”

அவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் கையிலிருந்த சாம்பார் வாளியை வாங்கினார். கனமாக இருந்தது. வரிசையின் தலையிலிருந்து தொடங்கினார். சோற்றில் குழி பறிக்கும்வரை காத்திருந்து, சிந்தாமல், ஒவ்வோர் இலைக்கும் ஒரே அளவாக விட்டுக்கொண்டு போனார். நடுவில் இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், கையை இலையில் வைத்தபடியே, இவ்வளவு பொறுமையாக ஊற்றுகிறீர்களே, பெண்ணுக்கு அப்பாவா என்று கேட்டார்.

“ஆமா” என்றார் நாறும்பூநாதன். “இன்னும் கொஞ்சம் விட்டுக்கிடுங்க.”

அன்றைக்கு மூன்று பந்தி நடந்தது. மூன்றுக்கும் அவர்தான் சாம்பார்.